கடலுக்குப் பயம், தெருவுக்குத் துணிச்சல்

நெடுந்தீவை விட்டு வந்து யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்திடம், “காணி பற்றையாகக் கிடக்கிறதே, திரும்பிப் போக யோசனை இல்லையோ?” என்று கேட்டேன். “பிள்ளையளைக் கடலில ஏத்தி இறக்கேலாது, சுவாமி” என்றார் தாய். அவர் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, கணவர் இரு பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னுமாக இருத்திப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார். தலைக்கவசம் அவருக்கு மட்டும்.

எம்மவரின் கடற்பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 1985 மே 15இல் குமுதினிப் படகில் குறிகட்டுவானுக்கு வந்தவர்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். 1993 ஜனவரியில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தவர்கள் கடற்படையினரின் தாக்குதலுக்கு உள்ளாயினர். வானமும் தப்பவில்லை. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்ப் பக்கக் கடலின்மேல் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவையெல்லாம் போரின் கணக்கு. இன்றைய பயணத்தையும் அதே கணக்கில் அளப்பது சரியல்ல.

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர். அவர்களில் பெரும்பங்கினர் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் நடந்து செல்வோருமே.

விமானமே மிகப் பாதுகாப்பானது என்பார்கள். கிலோமீற்றர்க் கணக்கில் அது உண்மை. ஆனால் விமானத்தின் ஆபத்துப் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் தான். இடையிலே எவ்வளவு தூரம் பறந்தாலும் அது அதிகம் கூடுவதில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரப் பயணம். இதைத் தூரத்தால் அளந்து என்ன காண்பது? தீவார் தம் பயணத்தை ஒவ்வொரு ஏற்றமாகத்தான் எண்ணவேண்டும்.

அந்த ஏற்றத்தில்தான் பிழை இருக்கிறது. ஒருமுறை நான் போன படகில் ஆட்களோடு சீமெந்துப் பைகள், ஆடுகள், ஒரு மோட்டார் சைக்கிள். உயிர்காப்பு அங்கிகள் கூரையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. முடிச்சை அவிழ்க்கக் கத்தி வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை, நானுந்தான். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து மாணவர் உட்படப் பலர் இறந்தனர். அங்கே சோளகக் காற்றுமில்லை, பெருங்கடலுமில்லை.

படகு ஓடாத இரவும் ஆபத்தானதே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் பாலம் கிடையாது. காற்றுக்காலத்தில் படகை நிறுத்தினால் விபத்து நடக்காது. ஆனால் பிரசவ வலியோடு துறையில் காத்திருப்பவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மீள்குடியேற்றக் கூட்டங்களில் கிணறு கேட்கிறோம், வீடு கேட்கிறோம், வேலிக்கு முட்கம்பி கேட்கிறோம். அடுத்த மனுவில் படகையும் எழுதுங்கள்: எத்தனை பேர் ஏறலாம் என்று துறையில் பலகை, ஆளுக்கொரு அங்கி, நோயாளருக்கு இரவுப் படகு.