ரேடியோ கெடவில்லை! பாட்டே அதுதான்!

பம்மலில் ஒரு வீடு. இரவு எட்டு மணி. அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக் கொண்டிருக்கிறார். காலேஜில் படிக்கும் மகன் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறான்.

"டுப்... டுப்... டுப்... டிக்! சர்ர்ர்... டக்! டுப்..."

"டேய் தம்பி! அந்தப் பெட்டி கெட்டுப் போச்சுடா. நிறுத்து!"

"கெடலைம்மா. பாட்டே அதுதான்!"

அம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்க்கிறார். பாட்டா? பாடுகிறவர் எங்கே? வார்த்தை எங்கே? வீணை, வயலின், ஆர்மோனியம் ஒன்றையும் காணோமே!

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மகனும் பொய் சொல்லவில்லை.

இந்த இசைக்கு "மைக்ரோ ஹவுஸ்" என்று பெயர். மைக்ரோ என்றால் மிகச் சிறியது. ஹவுஸ் என்றால் வீடு. அப்படியே தமிழில் சொன்னால் விபரீதமான அர்த்தம் வந்துவிடும். ஆகையால் மைக்ரோ ஹவுஸ் என்றே இருக்கட்டும்!

பெயர் வந்த விதம்

அமெரிக்காவில் சிகாகோ என்ற நகரம். அங்கே 1977-ல் "வேர்ஹவுஸ்" என்று ஒரு நடன விடுதி தொடங்கியது. வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கே இசைத்தட்டுகளைச் சுழல விட்டு, இளைஞர்களை விடிய விடிய ஆட வைத்தார். அந்தக் கிடங்கின் பெயரிலிருந்துதான் "ஹவுஸ்" இசை என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். நிமிஷத்துக்கு 120 தட்டுக்கு மேல் ஓடும் இசை அது.

பிறகு ஐரோப்பாவில் சிலர் அந்த இசையை மெலிய வைத்தார்கள். பெரிய சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். மீதி என்ன? ஒரு தட்டு, ஒரு டிக், கொஞ்சம் இரைச்சல், நிறைய இடைவெளி. 2001-ல் பிலிப் ஷெர்பர்ன் என்ற பத்திரிகையாளர் அதற்கு மைக்ரோ ஹவுஸ் என்று பெயர் சூட்டினார்.

இந்தச் சின்னச் சத்தங்கள் எங்கிருந்து வருகின்றன? அதுதான் வேடிக்கை!

இலங்கை வானொலியைப் பிடிக்க ரேடியோ முள்ளைத் திருப்பிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே "கொய்ய்ங்" என்று கேட்கும். பாதிச் சொல் வரும். கால் பாட்டு வரும். உடனே மறையும்.

கனடாவில் மார்க் லெக்லேர் என்பவர் அந்தத் துண்டுகளைத்தான் சேர்த்தார். ரேடியோவில் கேட்டதைப் பதிவு செய்து, கடுகளவாக நறுக்கி, தாளத்தில் கோத்தார். 2002-ல் "மை வே" என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் "அக்குஃபென்". காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சல் நோய்க்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள சொல்லைத் திரித்து வைத்த பெயர் அது. குறும்புக்காரர்!

ஜெர்மனியில் "ஓவல்" என்ற குழுவினர் 1990-களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நல்ல சி.டி. தட்டின்மேல் பேனாவால் கிறுக்கினார்கள். தட்டு திக்கியது, தவறியது. திக்கிய சத்தத்தையே இசை ஆக்கிவிட்டார்கள். தட்டில் கீறல் விழுந்தால் வீட்டில் அடி விழும். அங்கே அதுவே கலை!

தமிழ்க் காதுக்குப் புதிதா?

தமிழர் காதுக்கு இது அந்நியம் என்று சொல்வது சரி அல்ல.

மோர்சிங் வாசிப்பதைக் கேட்டவர்கள் உண்டு. பல்லிடுக்கில் ஒரு சின்ன இரும்பு. "டொய்ங்" என்று ஒரே சத்தம். அதிலிருந்து எத்தனை ஜாலம்! கொன்னக்கோல் சொல்லுகிறவர் வாயால் தாளம் போடுகிறார். அதில் அர்த்தமுள்ள வார்த்தை ஏது? தாளத்தில் தட்டுகிற இடத்தைப் போலவே விடுகிற இடமும் கணக்கு என்பது பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்த குழந்தைக்கும் தெரியும்.

பம்மலையே எடுத்துக் கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் உறுமுகிறது. பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரெயில் கிளம்புகிறது. நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் யந்திரங்கள் சுற்றுகின்றன. தெருவில் தையல் மிஷின் ஓடுகிறது. மைக்ரோ ஹவுஸ் கேட்டுப் பழகிய காதுக்கு இவை எல்லாம் தனித்தனியாகக் கேட்கும்.

இந்த இசையில் சலிப்பூட்டும் சரக்கும் ஏராளம். அதை மறைத்துப் பயன் இல்லை. லாப்டாப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் "டிக் டிக்" என்று தட்டிவிட்டுக் கலைஞர் என்று சொல்லிக் கொள்கிறார்கள். சிலி நாட்டில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த ரிக்கார்டோ வில்லலோபோஸ் 2006-ல் வெளியிட்ட ஒரே ஒரு உருப்படி சுமார் 37 நிமிஷம் ஓடுகிறது! பித்தளைக் குழல் வாத்தியத்தின் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். பொறுமை உள்ளவர்களுக்கு அது விருந்து. இல்லாதவர்கள் எழுந்து போனால் தப்பு இல்லை.

பம்பாயில் நடந்த அதிசயம்

இந்த இசை எல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம் என்று நினைப்பவர்கள் சரண்ஜித் சிங் கதையைக் கேட்க வேண்டும்.

அவர் பம்பாய் சினிமாக்களுக்கு வாத்தியம் வாசித்தவர். ஜப்பானில் ரோலண்டு கம்பெனி 1981-ல் ஒரு சின்னப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. "டி.பி. 303" என்று பெயர். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்தது. அது கிட்டார் போல ஒலிக்கவில்லை. "குவாக், குவாக்" என்று வாத்து போலக் கத்தியது! 1984-ல் அதைத் தயாரிப்பதையே நிறுத்தி விட்டார்கள்.

சரண்ஜித் சிங் அந்தப் பெட்டியை வாங்கினார். அதையும் துணைக்கு வைத்துக்கொண்டு ராகம் வாசித்தார்! தமிழ்நாட்டில் இந்தோளம் என்று சொல்லும் மால்கௌன்ஸ், மோகனம் என்று சொல்லும் பூபாளி என்று பத்து ராகங்கள். கீழே யந்திரத் தாளம். 1982-ல் இசைத்தட்டு வெளிவந்தது.

வாங்க ஆள் இல்லை! தட்டு மறக்கப்பட்டது.

1987-ல் சிகாகோ இளைஞர்கள் சிலர் அதே பெட்டியைத் திருகி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். உலகம் ஆடியது. அந்த இசைக்கு "ஆசிட் ஹவுஸ்" என்று பெயர் வந்தது. பம்பாய்க்காரர் ஐந்து வருஷம் முந்திக் கொண்டார்! அவரைப் பார்த்து இவர்கள் செய்தார்கள் என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். அது வேண்டாம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. பெருமைக்கு உண்மையே போதும்.

2002-ல் எடோ பௌமன் என்ற ஹாலந்துக்காரர் டில்லியில் ஒரு கடையில் அந்தப் பழைய தட்டைக் கண்டெடுத்தார். பம்பாய்க்குப் போய் சரண்ஜித் சிங்கைத் தேடிப் பிடித்தார். 2010-ல் தட்டை மறுபடி வெளியிட்டார். எழுபது வயதை எட்டிய பெரியவர் பிறகு ஐரோப்பாவுக்குப் போய் மேடையில் வாசித்தார். 2015-ல் காலமானார். கைதட்டலைத் தம் காதால் கேட்டுவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே ஒரு சிந்தசைஸர் இருந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தது. கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் விந்தையான ஒலிகளை உண்டாக்கி டேப்பில் பதிந்தார்கள். டேப்புகள் அலமாரியில் தூங்கின. பால் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2023-ல் இசைத்தட்டாக வெளிவரச் செய்தார். கீதா சாராபாய் 2011-லேயே இறந்துவிட்டார்.

சந்தையில் தேடலாம்

ஆகவே தேடுகிற காது வேண்டும். கைப்பேசி தேடித் தராதா? தரும். ஆனால் நேற்றுக் கேட்டதைப் போலவே இன்றும் ஒன்று தரும். அந்த வழியில் போனால் வட்டமடிக்க வேண்டியதுதான். ஓர் இசைத்தட்டு பிடித்திருந்தால், அதை வெளியிட்ட கம்பெனியின் பெயரைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் "பெர்லான்", "கொம்பாக்ட்" என்ற இரண்டு கம்பெனிகள் இந்த ரகத்துக்குப் பேர் போனவை. ஒரு பெயர் இன்னொரு பெயரைக் காட்டும். நண்பன் சொன்னதைக் கேட்பது அதைவிட நல்லது.

பம்மல்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்திலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை! பழைய ரேடியோ, ஸ்பீக்கர், டேப் ரிக்கார்டர் எல்லாம் தரையில் பரப்பி விற்கும் இடம். குவியலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று யார் கண்டது?

வீட்டுப் பரணையும் மறக்கக் கூடாது. 1980-களில் ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. கீ போர்டு வாங்கி வைத்துக் கொண்டு ராத்திரியில் ஏதேதோ வாசித்துப் பார்த்த மாமாக்கள் இருந்தார்கள். 1986-ல் "புன்னகை மன்னன்" படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரின் உதவியோடு இசை அமைத்த காலம் அது. அந்த மாமாக்கள் பதிந்த கேசட்டுகள் பல வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். பழைய பேப்பர்க்காரர் வந்தால் கேசட்டை எடைக்குப் போடாமல், ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். உறையில் பெயரும் வருஷமும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

தட்டு வாங்குகிறவர்கள் ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். வளைந்த தட்டு வேண்டாம். கீறல் கொஞ்சம் இருந்தால், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்!