காயத்தையும் கணக்கெடுக்க வேண்டும்



விடியற்காலை பெரட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். "எப்படி அடிபட்டது?" என்றால், "வீட்டுல வழுக்கி விழுந்துட்டேங்க டிரஸ்ஸரய்யா" என்கிறார். லைசென்ஸ் இல்லை, போலீஸ் என்றால் பயம். நானும் அப்படியே எழுதிக் கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறேன். அது தப்பு என்று இப்போது உணர்கிறேன். அதே வளைவில் அடுத்தவரும் விழுகிறாரே!

டிங்கி கண்டால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் அந்தப் பட்டியலில் சாலைக் காயம் இல்லை. 2023-இல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 6,443 பேர். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சாவு போலீஸ் கணக்கில் ஏறிவிடும். கால் ஒடிந்து வேலையிழந்து லயத்தில் கிடப்பவரை யார் எண்ணுவது?

"அது போலீஸ் வேலை" என்பார்கள் சிலர். போலீஸ் தேடுவது குற்றவாளியை. சுகாதாரம் தேடுவது காரணத்தை. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் காய்ச்சல்காரர்களைத் திட்டவில்லை. நோயாளிகளை எண்ணினார், சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டச் செய்தார். மலேரியா குறைந்தது.

எண்ணாமல் விட்டால் என்னாகும்? அமெரிக்காவைப் பாருங்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகப் பணம் செலவிடக்கூடாது என்று 1996-இல் அங்கே நோய்த்தடுப்பு நிலையத்துக்கு நிபந்தனை போட்டார்கள். பயந்துபோன நிலையம் துப்பாக்கிக் காய ஆராய்ச்சியையே ஏறக்குறையக் கைவிட்டது. மறுபடி பணம் ஒதுக்க 2019 கடைசி ஆயிற்று. நமக்குத் துப்பாக்கி அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. ஜொகூர்த் தோட்டப் பாதையில் செம்பனை லோரிக்குப் பக்கத்தில் ஓட்டுகிற நமக்கு எமன் வருவது சக்கரத்தில்தான்.

ஆகவே, தோட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்து சாலைக் காயக் கணக்கைச் சுகாதார அமைச்சு மாதாமாதம் கேட்டு வாங்க வேண்டும். இடம், நேரம், தலைக்கவசம், விளக்கு, இவ்வளவு போதும். பெயர் வேண்டாம், போலீசுக்கும் போக வேண்டாம்.

நீங்களும் உண்மையைச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்குச் சொக்சோவில் உதவி கேட்க வழி உண்டு. அப்போது, "வீட்டுல விழுந்தேன்" என்ற பொய்யே குறுக்கே நிற்கும். எந்த வளைவில் எத்தனை பேர் என்று எழுத்தில் இருந்தால்தான், "விளக்குப் போடு, பள்ளத்தை மூடு" என்று சங்கம் நிர்வாகத்திடம் அடித்துக் கேட்க முடியும். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுதிய கணக்கு நிற்கும்.