கோட்டைக் கல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

2025 ஜூலை 11ஆம் நாள் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று, திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோ மீட்டரில் இருக்கும் நம் செஞ்சி. அந்தச் செய்தி வந்தபோது நம் கல்லூரி மரத்தடியில் எல்லோருக்கும் பெருமை பொங்கியது. பேச்சின் நடுவே ஒரு நண்பர் சொன்னார்: "கோட்டை இன்னும் நன்றாக இருந்திருக்கும். சுற்று வட்டாரத்து ஜனங்கள் கல்லைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்." எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் நெஞ்சு சுட்டது. அந்தக் கற்களில் ஒன்று என் ஆயா வீட்டில் இருக்கிறது.

என் தாயாரின் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆயா வீட்டுக் கிணற்றடியில் ஒரு கருங்கல் கிடக்கிறது. ஓரத்தில் வரிசையாக உளிக் குழிகள். துணி துவைப்பது அதன் மேல்தான். 'கோட்டைக் கல்லு' என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர். யார் கொண்டுவந்தார்கள், எப்போது கொண்டுவந்தார்கள் என்று ஆயாவுக்கே தெரியாது. அப்படியானால் நாங்கள் திருடர் பரம்பரையா? அன்று மரத்தடியில் கேட்கத் துணியாத கேள்வியை இந்த மலரில் கேட்கிறேன்.

செஞ்சி மதிலை உடைத்தவர்கள் யார் யார் என்று வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்து மதில்களை வலுப்படுத்தினார். அவர் மகன் இராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார். 1714இல் தேசிங்குராஜன் போரில் மாண்டான். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கைப்பற்றினார். 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோ மீட்டர் ஓடும் மதில் அது. அத்தனை பெரிய மதிலும் வந்தவர்களுக்கெல்லாம் கடைசியில் வழிவிட்டது.

போர் முடிந்த பிறகும் கல் போயிற்று. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அழகிய தூண்களை நம்மில் பலர் சுற்றுலா சென்று கண்டிருக்கிறோம். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. அவற்றின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, யாராவது 'திருட்டுத் தூண்' என்கிறோமா? நம் ஊரிலிருந்து திண்டிவனம் போகும் சாலை இராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டையை ஊடுருவிக்கொண்டு போகிறது. அந்தச் சாலையைத் 'திருட்டுச் சாலை' என்கிறோமா? அரசு எடுத்தால் ஆக்கம், படை எடுத்தால் வரலாறு, ஏழை எடுத்தால் மட்டும் களவு! இந்தத் தராசு நேரானதுதானா?

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. கி.பி. 122இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டன் தீவின் வடபகுதியில் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை மதில் எழுப்ப ஆணையிட்டார். நீளம் ஏறத்தாழ 117 கிலோ மீட்டர். ரோமானியர் போன பிறகு அந்தக் கற்களைக் கொண்டு உழவர்கள் வீடும் தொழுவமும் கட்டினார்கள். பாதிரிமார்கள் தேவாலயம் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசே அந்த மதிலை இடித்து, பல இடங்களில் அதன் மேலேயே இராணுவச் சாலை போட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்பவர் மதில் ஓடும் நிலங்களைத் தம் பணத்தில் வாங்கி வாங்கிக் காப்பாற்றினார். 1987இல் அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று அங்கே செல்பவர்களுக்கு, 'இந்தத் தேவாலயம் ரோமானியர் கல்லால் கட்டியது' என்று பெருமையோடு காட்டுகிறார்கள். கல் போன இடமும் அங்கே மதிலின் வரலாறாகிவிட்டது.

அந்த மதிலில் என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று. அதைக் கட்டிய படைவீரர்களில் ஒவ்வொரு நூற்றுவர் குழுவும், தான் கட்டிய பகுதியில் தன் தலைவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தது. இந்தப் பகுதியை இவர்கள் கட்டினார்கள் என்று 1900 ஆண்டுகள் கழித்தும் படிக்க முடிகிறது. செஞ்சியில் ஆண்ட மன்னர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். அந்த மதிலுக்குக் கல் உடைத்தவன் பெயரை யார் அறிவார்?

என் தந்தையார் கல் உடைக்கும் தொழிலாளி. கையெழுத்துப் போட மட்டும் தெரியும். சென்ற விடுமுறையில் அவரைச் செஞ்சிக்கு அழைத்துப் போனேன். கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் நான் காட்டினேன். அவர் மதிலருகே நின்றுவிட்டார். குழிகளை விரலால் தடவி, "இங்க ஆப்பு வெச்சிருக்கான். ஓட்டம் பாத்து அடிச்சிருக்கான். கை தெரிஞ்ச ஆளுடா" என்றார். கருங்கல் அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும், இழுவிசையை அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது, ஆகவேதான் ஆப்பு பக்கவாட்டில் தள்ளும்போது குழி வரிசையோடு பிளக்கிறது என்று எனக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். இதை என் தந்தையார் கையால் அறிந்திருக்கிறார். பெயர் வெட்டாமல் போன அந்தத் தொழிலாளியை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னால் படிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போகாத என் தந்தையார் படித்துவிட்டார்.

சரி, அப்படியென்றால் கல்லை இனியும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது, ஒரு கல்கூடக் கூடாது. அன்று அந்த மதில் கைவிடப்பட்ட கல்குவியல். எடுத்தவனுக்கு அதன் மதிப்பை யாரும் சொல்லவில்லை. 1921இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இன்று உலகமே மதிப்பைச் சொல்லிவிட்டது. அறியாமல் எடுத்த ஏழைக்கு ஒரு நியாயம் உண்டு. அறிந்தும் சுண்ணாம்பாலும் ஆணியாலும் காதலி பெயரை மதிலில் கிறுக்கும் படித்தவனுக்கு என்ன நியாயம்? ஆப்புக் குழி வெட்டியவனே பெயர் எழுதாத கல்லில், நாம் எதைச் சாதித்துவிட்டோம் என்று பெயர் எழுதுகிறோம்?

என் கருத்து இதுதான். கோட்டையைச் சுற்றியுள்ள ஊரார்க்கு வேலி போட்டுக் கோட்டையைக் காக்க முடியாது. அவர்களில் இருந்தே வழிகாட்டிகளும் காவலர்களும் வர வேண்டும். நம் வரலாற்றுத் துறை மாணவர்கள் அந்த ஊர்களுக்குப் போய், எந்த வீட்டில் எந்தக் கோட்டைக் கல் இருக்கிறது, அதைப்பற்றி முதியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். அளப்பதற்கும் படம் வரைவதற்கும் இயற்பியல் மாணவர்கள் நாங்கள் உடன் வருவோம். பறிமுதல் பட்டியலாக அதை ஆக்காமல், கோட்டையின் விடுபட்ட அத்தியாயமாக எழுதுவோம்.

இதை எழுதுவதற்கு முன் ஆயாவிடம், "கல்லைக் கோட்டைக்கே திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டேன். "குடுத்துட்டா எதுலடா தொவைக்கிறது?" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, "கேட்டாங்கன்னா தூக்கிக்கினு போவச் சொல்லு. சோப்பு வழுக்கும், பாத்து" என்றார்.

'அரண்' என்று ஓர் அதிகாரமே பாடிய வள்ளுவர், கடைசிக் குறளில், செயல்திறம் இல்லாதவர் கையில் எத்தனை மாட்சியுள்ள அரணும் பயனற்றது என்கிறார். செஞ்சி இன்று நம் கையில் இருக்கிறது. நண்பர்களே, அடுத்த முறை அங்கே போகும்போது சுண்ணாம்புக் கட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.