எல்லாம் வாயு!

எங்கள் சிவகிரியில் மனிதனுக்கு வருகிற வியாதி ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் வாயு. முழங்கால் பிடித்துக்கொண்டால் வாயு. வயிறு முறுக்கினால் வாயு. நடு இரவில் மார்பு வலித்தால் அதுவும் வாயு. மறுநாள் ஆள் போய்விட்டால் மட்டும், "நேத்து ராத்திரிகூட வாயுன்னுதானய்யா சொன்னாக!" என்று திண்ணையில் ஒரு குரல் கேட்கும்.

இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தீராத பகை உண்டு. மூன்று ஆண்டுகள் அது என்னை ஏமாற்றியது. நானும் அதை வைத்துக்கொண்டு பிறரை ஏமாற்றினேன். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சண்டை பிறகு.

முதலில் தகராறு செய்தது வயிறுதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வெளிக்குப் போக வேண்டியிருந்தது. பல நாட்கள் ரத்தமும் சளியும் கலந்து போயிற்று. இந்த வாக்கியத்தை எழுத இப்போதும் எனக்குக் கை கூசுகிறது. கதாபாத்திரங்களின் அந்தரங்கத்தையெல்லாம் அச்சில் ஏற்றிக் காசு வாங்கியவன் நான். சொந்த மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. கேட்டவர்களுக்கெல்லாம், "ஒன்றுமில்லை, வாயு" என்பதே பதில்.

அடுத்தது மூட்டுகள். கணுக்கால் வீங்கும், பத்து நாளில் வற்றும், உடனே முழங்கால் ஆரம்பிக்கும். காலையில் எழுந்தால் இடுப்பு கட்டை போல் விறைத்திருக்கும். நடக்க நடக்க இளகும். பெரியம்மை வந்து பார்த்தாள். "வாயு காலுக்கு எறங்கிருச்சிய்யா. சுக்கையும் பூண்டையும் தட்டிப் போட்டுக் குடி" என்றாள். குடித்தேன். பிறகு மருந்துக் கடைக்குப் போனேன். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுங்க அண்ணாச்சி, வலி பறந்துரும்" என்று கடைக்காரத் தம்பி அட்டையிலிருந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்தான். வலி பறந்தது உண்மை. அந்த வாரமே ரத்தப் போக்கு அதிகமாயிற்று. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், குடலில் அழற்சி உள்ளவனுக்கு அந்த அழற்சியைக் கிளறிவிடக்கூடியவை. இது கடைக்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

மூன்றாவதாக மார்பு. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு இடப்பக்கம் சுரீர் என்று வலித்தது. மூச்சை இழுத்தால் வலி கூடிற்று. வீடே விழித்துக்கொண்டது. "வாயு மேல ஏறுது அத்தான், ஒரு சோடா குடிங்க" என்றான் மைத்துனன். அந்த நேரத்தில் எந்தக் கடையைத் தட்டி எழுப்பினானோ, சோடாவும் வந்தது.

விடிந்ததும் நகரத்துக்குப் போனேன். அங்கே வேடிக்கை வேறு விதம். இருதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "உங்கள் இருதயம் நன்றாயிருக்கிறது, போய் வாருங்கள்" என்றார். எலும்பு டாக்டர் முழங்காலைப் படம் பிடித்துவிட்டு, முன்பு தின்ற அதே ஜாதி மாத்திரையை வேறு பெயரில் எழுதினார். வயிற்று டாக்டரிடம் முழங்காலைப் பற்றி வாயெடுத்தேன். "அதற்கு அடுத்த கட்டடம்" என்றார்.

எங்கள் பக்கத்துச் சங்கரன்கோயிலில் ஓர் ஐதிகம் உண்டு. சங்கன், பத்மன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இருவருக்கும் ஓயாத வழக்கு. இருவரும் ஒருவரே என்று காட்டும்படி கோமதியம்மன் தவமிருந்தாள். ஒரே திருமேனியில் சங்கரநாராயணர் காட்சி தந்தார். ஆண்டுதோறும் ஆடித்தபசுக்கு ஊர் ஊராக ஜனங்கள் போய் இதைத் தரிசிக்கிறார்கள். இரண்டாகத் தெரிவது ஒரே உடம்புதான் என்பதைக் கல்லில் கண்டு கும்பிடுகிற நாம், சதையில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்?

பெரியம்மை மூன்று வலிக்கும் ஒரே பெயர் வைத்தாள். நகரத்தில் மூன்று பேர் மூன்று சீட்டு எழுதினார்கள். யார் உண்மைக்கு அருகில் இருந்தார்கள் என்று கேட்டால், பெரியம்மை என்றுதான் சொல்வேன். மூன்றும் ஒன்றுதான் என்பது வரையில் அவள் கட்சி சரி. அந்த ஒன்று காற்று என்று தீர்ப்புச் சொல்லி, வழக்கையே மூடிவிட்டாளே, அங்கேதான் பிழை.

கடைசியில் ஒரு பெண் டாக்டர், என் பெண் வயதிருக்கும், நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "கூச்சப்படாம சொல்லுங்க சார். வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதா?" மூன்று ஆண்டுகளில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆத்மா அவர்தான். குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். குடல் காசநோயா என்று முதலில் பார்த்தார்கள். நம் நாட்டில் அது பார்க்க வேண்டிய சோதனை. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைக் காசநோய்க்காரனுக்குக் கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பது பற்றி எரியும். காசநோய் இல்லை, வந்திருப்பது அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று முடிவாயிற்று. இதன் பங்காளிதான் குரோன் நோய். 1932-ல் நியூயார்க்கில் குரோன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்கள் இருவரும் அதை விவரித்து எழுதினார்கள். இரண்டிலும் உடம்பின் காவல் படை சொந்த வீட்டையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. குடலுக்கு வெளியே இது காட்டும் தொல்லைகளில் முதலிடம் மூட்டுக்குத்தான்.

வைத்திய உலகத்துக்கு இது புதுச் செய்தியும் இல்லை. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் பேராசிரியர் முடக்குவாதத்துக்கென்று ஒரு மருந்து கண்டார். சல்ஃபசலசீன் என்று பெயர். அது பெருங்குடல் புண்ணுக்கும் கேட்டது. இன்றும் இரண்டுக்கும் கொடுக்கிறார்கள். மூட்டுக்கும் குடலுக்கும் நடுவே கதவு உண்டென்று ஒரு மாத்திரைக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தடுத்த கட்டடங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

மார்பு வலி? என் விஷயத்தில் அது விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பின் அழற்சி. உயிருக்கு ஆபத்தில்லை. இதைக் கேட்டு நான் சிரித்தேன், டாக்டர் சிரிக்கவில்லை. குடல் அழற்சிக்காரர்களுக்கு ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போனாலும் மார்பு இப்படித்தான் வலிக்கும். அபூர்வமாக இருதயத்தைச் சுற்றிய உறையிலும் அழற்சி வரும். இன்னும் அபூர்வமாக, குடலுக்குக் கொடுக்கும் மெசலமைன் மருந்தினாலேயே வரும். "அதனால போன தடவை மாதிரிதான்னு வீட்ல இருந்துடாதீங்க. ஒவ்வொரு தடவையும் வந்து காட்டுங்க" என்றார். சோடாவின் மேல் எனக்கு விரோதமில்லை. ஆனால் அதை டாக்டரென்று நம்பி எத்தனை வீடுகள் விடியும் வரை காத்திருக்கின்றன!

வாயு என்று சொல்ல விரும்பாத படித்தவர்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது: மனசு. "ரொம்ப யோசிக்கிறீர்கள் சார், கதை எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இது உண்டு" என்பார்கள். அவர்களுக்குப் பெரிய இடத்துச் சிபாரிசும் உண்டு. அமெரிக்காவில் பிரான்ஸ் அலெக்ஸாண்டர் என்ற மனோதத்துவ மேதை 1950-ல் வெளியிட்ட நூலில், மனத்தோடு பிணைந்த வியாதிகளாக ஏழை ஆராய்ந்தார். அந்த ஏழில் பெருங்குடல் புண்ணும் உண்டு, முடக்குவாதமும் உண்டு. வைத்தியம் அந்த இடத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. கவலை வலியைக் கூட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடலில் ரத்தம் ஒழுகுகிறவனைப் பார்த்து, "கவலைப்படாதே, சரியாகிவிடும்" என்பது வைத்தியமாகாது. குற்றவாளிக் கூண்டில் நோயாளியையே ஏற்றுகிற காரியம் அது.

என் கோபத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த வியாதி பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவே பிடிக்கிறது. அதாவது கல்யாண வயதில். என்னைப் போன்ற கிழவன் மறைத்தால் நஷ்டம் எனக்கு. ஒரு பெண் மறைத்தால்? "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று தாயே வாயை மூடச் சொன்னால்? பிள்ளை ரத்தம் குறைந்து வெளுக்கும். "சரியாச் சாப்பிடறதில்லை" என்பார்கள். விரல் மூட்டு வீங்கும். "வேலை செய்ய வணங்கலை" என்பார்கள். அந்தக் குடும்பம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதா, மகளைத் தொலைத்துக்கொண்டதா?

அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு 1955 செப்டம்பரில் மாரடைப்பு வந்தது. 1956 ஜூனில் குரோன் நோய்க்காகக் குடலில் அறுவை நடந்தது. ஜனங்கள் காலைக் காப்பியோடு தங்கள் தலைவரின் குடலைப் பற்றிப் பத்திரிகையில் படித்தார்கள். அந்த நவம்பரிலேயே அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ ஆபே 2020-ல் பதவி விலகியபோது எனக்கிருக்கும் இதே வியாதியைப் பெயர் சொல்லி உலகறிய அறிவித்தார். அவர்களுக்குப் போகாத மானம், நம் வீட்டுக் கூடத்தில் சொன்னால் போய்விடுமாம்!

"சிவகிரியில் இருக்கிறவனுக்குப் பெரிய டாக்டர் எங்கே, பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் என்னுடைய மூன்று ஆண்டுகளைத் தின்றது பணமில்லாமை இல்லை, என் வாய்தான். ஒரு வாக்கியத்துக்குச் செலவில்லை.

இப்போது என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. வயிறு, மூட்டு, மார்பு மூன்றையும் தினமும் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் மேஜைமேல் வைப்பேன். வியாதி போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. சில காலைகளில் இடுப்பு விறைக்கிறது. மலையடிவாரம் பார்த்து நடந்தால் இளகுகிறது. வலி மாத்திரையைக் கேட்காமல் தொடுவதில்லை.

பெரியம்மை இன்னமும் வாயு என்றுதான் சொல்கிறாள். சொல்லட்டும். உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், சோடாவுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டு, அருகில் உட்கார்ந்து, அந்த டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். பதில் வர எட்டு மாதம் ஆக விடாதீர்கள்.