சாவி தொலைந்துவிட்டதா?



கினிகத்தேனைப் பக்கத்தில் நாங்கள் 'சாவி' என்போம். வடக்கு, கிழக்கில் 'திறப்பு' என்பார்கள். பெயர் எதுவானாலும் அது தொலைந்துபோனால் வரும் பதற்றம் ஒன்றுதான். இடம்பெயர்ந்து வாழ்ந்த பெண்களுக்கு அந்தப் பதற்றம் இன்னும் அதிகம். 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போனவர்களிலும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களிலும் பலர் வீட்டைப் பூட்டிச் சாவியையும் கொண்டே சென்றார்கள். திரும்பியபோது பலருக்குக் கதவே இருக்கவில்லை.

இன்றும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, காணாமற்போனவரின் புகைப்படம் எல்லாம் ஒரே றங்குப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதன் சாவி தொலைந்தால் என்ன செய்வது?

முதலில், அவசரப்பட்டுக் கல்லால் அடிக்க வேண்டாம். அடித்தால் பெட்டியின் தகரமும் நாதாங்கியும்தான் நசுங்கும். பூட்டுக்குள் சிறு ஊசிகளும் அவற்றைத் தள்ளும் சுருள் கம்பிகளும் இருக்கின்றன. சாவியின் வெட்டுகள் அந்த ஊசிகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கும்போதுதான் பூட்டுத் திறக்கும். அடியினால் ஊசிகள் சிக்கிக்கொண்டால் சாவி கிடைத்த பிறகும் திறக்காது.

சாவி கையில் இருந்தும் பூட்டுத் திரும்பாவிட்டால் காரணம் பெரும்பாலும் துருவாகும். எமது பகுதியின் மழையில் இது சாதாரணம். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டுப் பாருங்கள்.

சாவி இல்லவே இல்லை என்றால், நாதாங்கியின் திருகாணிகள் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் திருப்புளியால் கழற்றலாம். பூட்டுக்கும் பெட்டிக்கும் சேதமில்லை. ஆனால் நம்மால் கழற்ற முடிந்தால் திருடனாலும் முடியும். மீண்டும் பொருத்தும்போது, மூடியபின் திருகாணிகள் மறையும் விதமாகப் பொருத்துங்கள். திருகாணி தெரியாவிட்டால் பூட்டின் வளைந்த கம்பியை இரும்பு அறுக்கும் வாளால் அறுக்கலாம். கம்பி மிகக் கடினமானதாக இருந்தால் வெல்டிங் கடையில் கிரைண்டரால் வெட்டுவார்கள். தீப்பொறி பறக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

தனியாக இருக்கும் பெண்கள் பூட்டுத் திறக்க ஆளை அழைப்பதானால் பகலில் அழையுங்கள். அயலில் உள்ள இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லத் தேவையில்லை.

கதவுச் சாவி தொலைந்திருந்தால் இன்னொன்று முக்கியம். மாற்றுச் சாவியால் திறந்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாதவரை அந்தப் பூட்டு உங்களைக் காக்காது. புதுப் பூட்டுக்குச் செலவழிக்கும் பணம் வீண் அல்ல, நிம்மதியான உறக்கத்துக்கான விலை.

உங்கள் வீட்டிலோ காணியிலோ வேறொருவரின் பூட்டுத் தொங்கினால் அதை உடைக்க வேண்டாம். உடைத்தால் குற்றம் உங்கள் மீது திரும்பலாம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுவார்கள்.

இன்றே செய்யக்கூடியவை சில. மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஒரு பெண்ணிடம் கொடுத்து வையுங்கள். சாவிக்கொத்தில் பெயரோ விலாசமோ எழுதாதீர்கள். ஆவணங்களைப் போட்டோப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தும் பெறலாம்.

பூட்டு வெறும் இரும்பு. வெட்டினால் இன்னொன்று வாங்கலாம். உள்ளே இருப்பவைதான் நமக்கு வேண்டியவை. அவற்றுக்கு ஒரே ஒரு சாவியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், சகோதரிகளே.