முதலில் துடைப்பம், பின்னர் தொற்றுநீக்கி

மணக்கின்ற வீடெல்லாம் சுத்தமான வீடென்று கருதுவோர் நம்மிடையே பலர். மணம் வேறு, சுத்தம் வேறு. அழுக்கின்மேல் ஊற்றப்படும் தொற்றுநீக்கி பெரும்பாலும் வீண்செலவே. கடைகளில் ‘புளீச்’ என்று கேட்டு வாங்கும் வெளிற்றுந் திரவம் கிருமியைத் தேடிச் செல்வதில்லை. எதிர்ப்படும் சோற்றுப்பருக்கை, மீன்கழிவு முதலியவற்றோடு தாக்கமுற்றுத் தன் வலுவை இழந்துவிடுகின்றது. ஆதலின் முதலிற் பெருக்குதல், அடுத்துச் சவர்க்கார நீராற் கழுவுதல், அதன் பின்னரே தொற்றுநீக்கி.

இம்மூன்றையும் நாள்தோறும் வீடு முழுவதும் செய்யப் புகுந்தால் இல்லத்தரசி இளைத்துப்போவாள். (இவ்வேலை அவளுக்கே உரியதென்று விதித்தவர் யாரோ!) கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பெருக்கித் துடைத்தலே போதும். மலசலகூடம், மீன் அரிந்த பலகை, நோயாளி தொட்ட கதவுப்பிடி ஆகியவற்றுக்கே தொற்றுநீக்கி வேண்டும். பலரும் மறப்பது அடுக்களைத் துணியை. ஈரத்தோடு சுருண்டு கிடக்கும் அத்துணி, துடைத்த இடமெங்கும் கிருமியைப் பூசிச் செல்லும். அதனைக் கொதிநீரில் அவித்து வெயிலில் உலர்த்துக.

விகிதம் பயிலும் மாணவர்க்கு ஒரு கணக்கு. 5 வீதச் செறிவுள்ள வெளிற்றுந் திரவம் 20 மில்லிலீற்றருடன் நீர் 980 மில்லிலீற்றர் சேர்த்தால் விடை 0.1 வீதம். கொரோனாத் தொற்றின்போது, 2020 இல், உலக சுகாதார நிறுவனம் பரப்புகளுக்குப் பரிந்துரைத்த செறிவும் இதுவே. குளிர்ந்த நீரே தகும். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்துக. பூசியவுடன் துடைத்துவிடாமல் ஒரு நிமிடமேனும் ஈரமாக விடுதல் வேண்டும்; போத்தலில் அதற்குக் கூடிய நேரம் குறிக்கப்பட்டிருப்பின் அதுவே கணக்கு.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்தி. “இரண்டையும் கலந்தால் இரட்டிப்பு வலு” என்றெண்ணி, மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு வெளிற்றுந் திரவத்தைச் சேர்ப்பாருளர். அக்கலவையிலிருந்து எழுவது குளோரீன் வாயு. 1915 ஏப்ரில் 22 ஆந் திகதி பெல்ஜியத்து ஈப்பர் நகரருகே ஜேர்மானியப் படை எதிரிகள்மீது பரவவிட்டது அவ்வாயுவையே. யன்னல் சாத்திய சிறு குளியலறையில் அது நுரையீரலைத் தாக்க நெடுநேரம் வேண்டியதில்லை. வினாகிரியும் அமிலமே, அதனையும் சேர்த்தலாகாது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேரினும் வேறொரு நச்சுவாயு பிறக்கும். கண் எரிந்து இருமல் எழுந்தால், வாளியைத் தூக்கி ஊற்ற முனையாது உடனே வெளியேறித் தூய காற்றுக்குச் செல்லுக. இருமலோ மூச்சுத்திணறலோ தொடரின் வைத்தியசாலையை நாடுக.

மிஞ்சிய திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. விளையாடிக் களைத்து வரும் பிள்ளை போத்தலின் வடிவத்தைத்தான் பார்க்கும். வாங்கிய போத்தலிலேயே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாமல் வைத்திருங்கள்.