திரையில் சரியாகத்தானே தெரிகிறது?

ஒரே பக்கத்தில் ஒரே ஐடி நான்கு இடங்களில் வந்தால் குடிமுழுகிவிடுமா என்று கேட்காத வெப் டெவலப்பரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தவறைச் சுட்டிக்காட்டினால், "திரையில் சரியாகத்தானே தெரிகிறது?" என்பார். தெரிகிறதுதான். பிரவுசர் வாயைத் திறப்பதில்லை; இந்த நம்பிக்கைக்கு இருக்கும் ஆதாரமெல்லாம் அந்த மௌனம்தான்.

ஒரு டிக்கெட் முன்பதிவுப் படிவம். 'பயணி' என்ற காம்பொனென்டை ஒருமுறை எழுதி நான்கு முறை பயன்படுத்தியிருக்கிறார்கள். உள்ளே வயதுப் பெட்டிக்குக் கையாலேயே 'ஏஜ்' என்று ஐடி. மூன்றாம் பயணியின் 'வயது' லேபிளைத் தொடுங்கள். கர்சர் முதல் பயணியின் பெட்டிக்குப் போய்விடும். எச்டிஎம்எல் விதிப்படி, அந்த ஐடியோடு முதலில் வரும் உறுப்பைத்தான் லேபிள் சுட்டும். ஆக முதல் பெட்டிக்கு நான்கு லேபிள்கள், மற்ற மூன்றுக்கும் ஒன்றுமில்லை. பார்வையுள்ளவர் பெட்டியையே நேராகத் தொட்டுத் தப்பித்துவிடுவார். என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடரின் துணையோடு, டேப் விசையால் பெட்டி பெட்டியாகத் தாவிச் செல்பவருக்கு அந்த மூன்றும் பெயரில்லாத பெட்டிகள். பிழைச்செய்தியிலும் இதே கூத்து. மூன்றாம் பயணியின் வயது தவறாக இருக்கும். நான்கு பெட்டிகளும் ஒரே பிழை ஐடியைச் சுட்டுவதால், சரியாக நிரப்பிய முதல் பெட்டிக்கு வந்தாலும் "வயது தவறு" என்றே காதில் விழும். எதைத் திருத்துவார் அவர்?

'திரையில் சரியாகத்தானே தெரிகிறது' என்னும் கட்சிக்கு ஓர் ஆயுதமும் கிடைத்திருக்கிறது. டபிள்யூ3சி அமைப்பின் இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2.2 பதிப்பு, 2023 அக்டோபரில் வெளியானபோது, 4.1.1 விதியை நீக்கிவிட்டது. ஐடி இரட்டிக்கக் கூடாது என்பது அந்த விதிக்குள்தான் இருந்தது. "டபிள்யூ3சியே விட்டுவிட்டதே!" என்கிறார்கள். மார்க்அப் பிழைகளைப் பிரவுசர்கள் இப்போது ஒரே மாதிரி கையாளுகின்றன என்பதால் நீக்கினார்கள். பெயரில்லாத பெட்டி 1.3.1, 4.1.2 விதிகளின்படி இன்றும் தவறுதான். ஐடி தனித்திருக்க வேண்டும் என்ற எச்டிஎம்எல் விதியையும் யாரும் தொடவில்லை.

கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் ஐடியோடு ஒரு ரேண்டம் எண்ணைப் போட்டு ஒட்டவைப்பார்கள். சர்வர் ஒருமுறை, பிரவுசர் ஒருமுறை என்று ரெண்டர் ஆகும் பக்கத்தில் இரண்டு எண்களும் வேறாகி, ஹைட்ரேஷன் எச்சரிக்கை வந்து நிற்கும். ஒன்று, இரண்டு என்று ஏறும் கவுன்ட்டரும், இரு பக்கமும் ரெண்டர் ஆகும் வரிசை மாறினால் கவிழ்ந்துவிடும். இதற்காகத்தான் 2022 மார்ச்சில் ரியாக்ட் 18 'யூஸ்ஐடி'யைக் கொண்டுவந்தது. காம்பொனென்ட் மரத்தில் இருக்கும் இடத்தை வைத்து அது பெயர் தருகிறது. எந்த வரிசையில் ரெண்டர் ஆனாலும் இரு பக்கமும் ஒத்துப்போகும். 2024-இல் வியூ 3.5-உம் தன் பங்குக்கு ஒன்றைத் தந்துவிட்டது. இதற்கெல்லாம் வெகுமுன்பே ஜேஎஸ்எஃப்பும் ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸும் தாய் உறுப்பின் பெயரை முன்னால் சேர்த்து ஐடியைத் தாமாகவே தனித்துவமாக்கின. அந்த நீளநீளமான பெயர்களைக் கிண்டல் செய்த கூட்டம்தான் இன்று 'ஏஜ்' என்று நான்கு முறை எழுதுகிறது.

யூஸ்ஐடி தரும் பெயர் அசிங்கமாக இருக்கிறது, முக்காற்புள்ளியால் சிஎஸ்எஸ் செலக்டர் உடைகிறது என்று ஒரு புலம்பலும் உண்டு. ரியாக்ட் 19.2 அதையும் அடிக்கோடாக மாற்றிவிட்டது. அழகுபடுத்த கிளாஸ் இருக்கிறதே, ஐடியைப் பிடித்து ஏன் இழுக்க வேண்டும்? இதே யூஸ்ஐடியைப் பட்டியலின் 'கீ' ஆகப் போடுகிறவர்களோடு தனியாகச் சண்டை பிடிக்க வேண்டும். கீ தரவிலிருந்து வர வேண்டும் என்று ரியாக்டின் ஆவணமே சொல்கிறது.